‘கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க’: டாக்டரின் கேள்வியும் நோயாளியின் அந்தரங்கமும்

முட்டிவலி என்று சொல்லித்தான் அத்தையை அழைத்துப் போனேன். 63 வயது. ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் சின்ன வயதுப் பெண். சுகர் மாத்திரை எது, பிபி எவ்வளவு, ராத்திரி தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், “யூரின் எல்லாம் சரியாப் போகுதாம்மா? அடக்க முடியுதா?” என்றார். அத்தை ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

அந்தப் பார்வையை நான் கவனிக்கவில்லை. டாக்டர் கவனித்திருக்கிறார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, “தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார். கதவு மூடியது. பத்து நிமிஷம் கழித்து அத்தை கையில் இன்னொரு சீட்டோடு வந்தார். மகளிர் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. அடியிறக்கம், அதாவது கருப்பை கீழே இறங்கியிருக்கிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. ஒன்பது வருஷமாக இப்படித்தானாம்.

இந்த ஒன்பது வருஷத்தில் அத்தை எத்தனையோ கல்யாணத்துக்கு வரவில்லை. தூரப் பயணம் என்றால் முட்டிவலி என்பார். நாங்களும் முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நடுவில் நாலைந்து டாக்டரிடமாவது காட்டியிருப்போம். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யாராவது ஒருவர் நின்றோம்: நான், என் தம்பி, அத்தையின் மருமகன். பாசத்தோடுதான் நின்றோம். அவர் வாயை அடைத்ததும் அதுதான். இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். பேரையும் ஊரையும் போடாமல் எழுது என்றார்.

டாக்டர்கள் ஏன் இதையெல்லாம் கேட்கிறார்கள் என்று கோபப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். “காய்ச்சல்னு போனா, குடிப்பீங்களா, கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்கன்னு கேட்கிறாங்க. காய்ச்சலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” நியாயமான கேள்விதான். சம்பந்தம் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதுதான் குறை.

குடியை எடுத்துக்கொள்வோம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு ஒருவர் சேர்கிறார். பக்கத்தில் மனைவி நிற்கிறார். “குடிப்பழக்கம் உண்டா?” “எப்போவாவது, ஃபங்ஷன்ல.” தினமும் குடிக்கும் ஆள் அவர். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. வார்டில் குடி கிடையாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்க்கிறார். வலிப்புகூட வரலாம். குடியைத் திடீரென்று நிறுத்துவதால் உடம்பு காட்டும் எதிர்வினை இது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. முதல் நாளே உண்மை தெரிந்திருந்தால், முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுத்திருக்க முடியும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அந்தக் கேள்வியை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்பது இதற்காகத்தான். மனைவி முன்னால் நூறு தடவை கேட்டாலும் அதே ‘ஃபங்ஷன்ல’தான் பதிலாக வரும்.

இன்னொன்று, ஆண்கள் வாயே திறக்காத விஷயம். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பல வீடுகளில் இருக்கிறது. ஆண்மைக் குறைவுக்காகக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் சில்டெனாஃபில் மாத்திரையும் இருக்கிறது, பீரோவில் ஒளித்து வைத்தபடி. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், உயிரும் போகலாம். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் வகை மருந்தைக் கொடுக்கக் கூடாது. டடாலஃபில் என்றால் 48 மணி நேரம். ஆகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் 58 வயதுக்காரரிடம் அவசர சிகிச்சை டாக்டர் இதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்கும்போது கட்டிலைச் சுற்றி மகன், மகள், சம்பந்தி எல்லாரும் நிற்கிறார்கள்.

இதே விஷயம் சாதாரண செக்கப்பிலும் முக்கியம். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு தொடங்கும்போது பாதிப்பு அங்கேதான் முதலில் தெரிய வரும். சில வருஷம் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளியிடம் ‘தாம்பத்தியத்தில் பிரச்சினை இருக்கா’ என்று கேட்கும் டாக்டருக்கு அடுத்தவர் படுக்கையறையில் ஆர்வம் ஒன்றும் இல்லை. அவர் ரத்தக் குழாயைப் பற்றிக் கேட்கிறார்.

மாதவிலக்குத் தேதியும் அப்படித்தான். வயிற்றுவலியோடு வரும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். அது வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். கையில் இருப்பது சில மணி நேரம்தான். எக்ஸ்ரே அறை வாசலில் ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா’ என்று கேட்பது, வளரும் கருவின் மேல் கதிர் படக் கூடாது என்பதற்காக. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் கருவின் தண்டுவடத்தையும் மூளையையும் பாதிக்கும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு அதை எழுதும் முன் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் டாக்டர்கள் பலர் அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்கிறார்கள். உடலுறவு உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொண்ட மரியாதைக் கேள்வி இது. கேட்பவருக்கும் கூச்சம், பதில் சொல்பவருக்கும் கூச்சம், நடுவில் ஒரு தாலி. “இல்லை” என்று சொன்ன 24 வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பச் சோதனை எடுக்காமலே வயிற்றுவலி மாத்திரை எழுதப்படலாம். “ஆயிடுச்சு” என்று சொன்னவர் கணவரைப் பிரிந்து ஐந்து வருஷமாகத் தனியாக இருப்பவராக இருக்கலாம். ஸ்கேன் சென்டரிலும் இதே கதை: கல்யாணம் ஆகவில்லை என்றால் வயிற்றின் மேல் வைத்து மட்டும் ஸ்கேன், ஆனவர் என்றால் உள்ளே வைத்தும் ஸ்கேன். மருத்துவ முடிவு ஒன்று திருமணப் பதிவேட்டை வைத்து எடுக்கப்படுகிறது. மறைத்துக் கேட்பதைவிட, “இதை எல்லாரிடமும் கேட்போம், இந்த மருந்து கொடுக்கலாமா என்று முடிவு பண்ணத்தான் கேட்கிறேன்” என்று முதலில் ஒரு வரி சொல்லிவிட்டு, நேராகக் கேட்பது எவ்வளவோ மேல். நேராகக் கேட்டால் நோயாளி கோபிப்பார் என்று பல டாக்டர்கள் பயப்படுகிறார்கள். காரணம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கோபிப்பதில்லை என்பதுதான் நான் பார்த்தது.

காரணம் இல்லாத கேள்விகளும் இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். காதுவலிக்கு வந்தவரிடம் என்ன சாதி என்று கேட்பதற்கு ஒரு மருத்துவக் காரணமும் கிடையாது. வெள்ளைப்படுதலுக்கு மருந்து கேட்டு வந்த பெண்ணிடம் “வீட்டுக்குத் தெரியுமா?” என்று கேட்பது விசாரணை, அது சிகிச்சையில் சேராது. கருக்கலைப்புக்கு வந்த 18 வயது நிறைந்த பெண்ணிடம் “புருஷன் கையெழுத்து வாங்கிட்டு வாங்க” என்று சொல்வது இன்றும் நடக்கிறது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது. 2021-ல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அனுமதி இல்லாத யாரிடமாவது வெளியிடுபவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று சொல்லிவிட்டது.

அரசு மருத்துவமனை ஓபி ஒன்றில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். ஒரே அறையில் மூன்று மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு டாக்டர், எதிரில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் தோளை இடித்துக்கொண்டு அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர். ஓபி சீட்டு கையில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதைப் பின்னால் இருப்பவர் எட்டிப் படிக்கலாம். “என்னம்மா பண்ணுது?” என்று டாக்டர் கேட்டதும், நாலு பேர் காது கொடுக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான். “அரிப்பு” என்று ஒருவர் மெதுவாகச் சொன்னால், “எங்க அரிப்பு? சத்தமாச் சொல்லுங்க” என்று பதில் வரும். அவர் கையைக் காட்டிவிட்டுக் களிம்பு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அரிப்பு கையில் இருந்திருக்காது.

டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்கு வந்த கணக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் திரையை இழுத்து மூட, கூட வந்தவரை வெளியே அனுப்ப, காரணம் சொல்லிக் கேட்க எங்கே நேரம்? ஆனால் திரை தொங்குவதற்கு நேரம் வேண்டாம், கம்பியும் துணியும் போதும். அடுத்த நோயாளி கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதற்குத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போதும். வங்கிக் கவுண்டரில் பணத்துக்குப் போடும் கோடு அது. உடம்புக்கும் போடலாம்.

கூச்சத்தை மதிப்பது மருத்துவத்தை மெதுவாக்கும் என்று சொல்பவர்களுக்கு ஸ்டெதஸ்கோப்பின் கதையை நினைவுபடுத்தலாம். 1816-ல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னக் என்ற மருத்துவரிடம் ஓர் இளம்பெண் இதயக் கோளாறோடு வந்தார். அன்றைய வழக்கப்படி மார்பில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அது முறையாகாது என்று எண்ணிய லென்னக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். நேராகக் காது வைத்ததைவிடத் தெளிவாகவே கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. சிகிச்சையின்போது தெரிந்துகொண்ட ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பது 2002 விதி. மூன்று விலக்குதான்: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்தரங்கமும் ரகசியமும் அதில் ஒன்று. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே வருகிறது. மனநலச் சட்டம், எச்ஐவி சட்டம் இரண்டும் 2017-ல் நிறைவேறின. இரண்டிலும் ரகசியத்துக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அதே வருஷம் ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரகசியம் கசிந்தால் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பதும், அதில் நீதிமன்றமே தடுமாறியதும் அதில் தெரியும்.

நாகாலாந்து அரசுப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், 1995-ல் ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்பட்டது, கொடுத்தார். ரத்தத்தைச் சோதித்த மருத்துவமனை அவருக்கு எச்ஐவி இருப்பதைக் கண்டுபிடித்தது. அந்த விவரம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் நடக்கவிருந்த அவர் திருமணம் நின்றது. ஊரில் ஒதுக்கப்பட்டார், ஊரையே விட்டு வந்தார். மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 1998-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: அந்தரங்க உரிமை முழுமையானதல்ல, மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிர் அதைவிடப் பெரிது என்று. அதோடு நிற்காமல், இப்படிப்பட்ட நோய் உள்ளவரின் திருமண உரிமையே நிறுத்தி வைக்கப்பட்டது போலத்தான் என்றும் எழுதியது. அந்தத் திருமணக் கருத்துகள் தேவையற்றவை என்று அதே நீதிமன்றம் 2002-ல் விலக்கியது. அதற்குள் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது எந்த வழியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 2017 எச்ஐவி சட்டம் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறது. நோயாளியே துணையிடம் சொல்லும்படி முதலில் ஆலோசனை சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார், துணைக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர் நியாயமாக நம்பினால், நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் துணையிடம் நேரில், தகுந்த ஆலோசனையோடு சொல்லலாம். சொந்தக்காரர்கள் வழியாக ஊருக்கே தெரிய வருவதற்கு அந்த முறையில் இடமே இல்லை.

எச்ஐவி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு வேறொரு அனுபவமும் உண்டு. இந்தியாவில் அந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. பின்னால் பயமும் அவமானமும் பரவியபோது, சோதனைக்கு ஆட்கள் வர வேண்டுமானால் கதவு வேண்டும் என்பது அரசுக்குப் புரிந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைப் பார்க்கலாம். பலகையில் நோயின் பெயர் பெரிதாக இருக்காது. உள்ளே ஓர் ஆலோசகர், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூடக்கூடிய ஒரு கதவு. சோதனைக்கு முன்னால் ஏன் எடுக்கிறோம் என்று விளக்கி, முடிவு வந்த பிறகு மறுபடி உட்கார வைத்துப் பேசுகிறார்கள். ஆளுக்கு ஓர் அடையாள எண் தருகிறார்கள். ஐம்பது அடி தள்ளி இருக்கும் ஓபி அறையில் தோளோடு தோள் நிற்கிற கூட்டம், இங்கே கதவு. அரசு மருத்துவமனையில் அந்தரங்கம் சாத்தியமே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த அறையைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குள் வருவோம். நம் குடும்பங்களில் ரகசியம் தலைகீழாகப் புழங்கும். நோயாளியின் உடம்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், நோயாளியைத் தவிர. பயாப்ஸி ரிப்போர்ட்டோடு மகன் மட்டும் டாக்டர் அறைக்குள் போய், “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு” என்பார். டாக்டரும் தலையாட்டுவார். அப்பாவுக்குக் ‘கட்டி’ என்று சொல்லி மருந்து ஏறும். முடி கொட்டும்போது அவருக்கே தெரிந்துவிடும்; ஆனால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல நடிப்பார். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அந்த ரிப்போர்ட் அப்பாவுடையது. அதை முதலில் கேட்கும் உரிமையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். “உங்க ரிசல்ட்டை உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட சொல்லட்டுமா?” என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடும் டாக்டர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வளரும் பிள்ளைகளிடம் நிலைமை இன்னும் நுட்பமானது. 16 வயதுப் பெண்ணிடம் டாக்டர் கேட்கும் எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொல்வார். சாப்பாடு, தூக்கம், மாதவிலக்கு, பள்ளிக்கூடம், எல்லாம். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைத் தனியாக ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவான விஷயம். அவளே யாரிடமாவது சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கலாம். ஆனால் டாக்டர் இங்கே ஒன்றைப் பேசத் தொடங்கும் முன்பே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருக்க என்னால் முடியாது என்று. 18 வயதுக்குக் குறைந்தவர் உடலுறவில் ஈடுபட்டது தெரிய வந்தால், சம்மதம் இருந்தாலும், போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் இருப்பதே குற்றம். இதற்குப் பயந்து கர்ப்பமான சிறுமிகள் போலி மருத்துவர்களிடம் போய் உயிரை விடும் ஆபத்து இருந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு வந்தது தெரியாத டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுதான் வேதனை.

அடி வாங்கி வரும் பெண்ணுக்கும் அந்தத் தனி ஐந்து நிமிஷம் வேண்டும். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்று கணவர்தான் சொல்வார். வழுக்கி விழுந்தவருக்கு மேல்கையின் உட்புறத்தில் விரல் விரலாகக் கன்றிப்போவது எப்படி என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். “பிளட் எடுக்கணும், நீங்க கவுண்டர்ல பணம் கட்டிட்டு வாங்க” என்று கணவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் செவிலியர்களை நான் அறிவேன். எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல அது. பல வருஷம் வார்டில் நின்று கற்றுக்கொண்டது.

நோயாளியின் பக்கம் செய்யக்கூடியதும் உண்டு. “இது எதுக்காகக் கேட்கிறீங்க டாக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. “கொஞ்சம் தனியாப் பேசணும்” என்று சொல்லலாம். அதையும் சொல்லக் கூச்சம் என்றால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டலாம். ஆண் டாக்டர் என்றால் நர்ஸைக் கூட இருக்கச் சொல்லிக் கேட்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் பொய் சொல்வதைவிட “இதைச் சொல்ல விருப்பமில்லை” என்று சொல்வது நல்லது. டாக்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையாக மருந்து எழுதுவார். பொய் சீட்டில் ஏறிவிட்டால் அடுத்த டாக்டரும் அதை உண்மை என்று நம்பி எழுதுவார்.

சீட்டு இப்போது காகிதத்தில் மட்டும் இல்லை. மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவத் திட்டம் 2021 செப்டம்பரில் தொடங்கியது. அதில் ஆளுக்கு ஒரு 14 இலக்க ஆபா எண். ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை பார்க்க வேண்டுமானால் நோயாளியின் சம்மதம் வேண்டும், கைபேசியில் வரும் எண்ணைச் சொன்னால்தான் திறக்கும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கவுண்டரில் “ஓடிபி சொல்லுங்க” என்றால் எதற்கு என்று கேட்காமல் சொல்லிப் பழகிவிட்டோம். 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் போடவில்லை. 2011-ல் வந்த பழைய விதிகளில் மருத்துவப் பதிவும் பாலியல் சார்பும் ‘கூடுதல் கவனம் வேண்டிய தகவல்’ என்று தனியாகச் சொல்லப்பட்டிருந்தன. புதிய சட்டத்தில் உங்கள் முகவரிக்கும் உங்கள் எச்ஐவி முடிவுக்கும் ஒரே தட்டு. இது பின்னடைவு என்றுதான் நான் நினைக்கிறேன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை 2022 நவம்பரில் ஊடுருவி முடக்கியபோது, நாள்கணக்கில் பேனாவால் சீட்டு எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை.

இதையெல்லாம்விட சாதாரணமான ஓட்டை ஒன்று இருக்கிறது. பதிவு செய்யும்போது கொடுக்கும் போன் நம்பர் யாருடையது? நம் ஊரில் வயதான பெண்கள் பலருக்கு அது மகனுடையது. கல்யாணமான பெண்கள் பலருக்குக் கணவருடையது. ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் அறிக்கை, அடுத்த தேதி எல்லாம் அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது, இரண்டு நாள் கழித்து இன்னொருவர் சட்டைப் பையில் மணியடிக்கும்.

அத்தைக்கும் அதுதான் நடந்தது. மகளிர் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, ஆபரேஷனா, கருப்பையைத் தாங்க உள்ளே வளையம் வைப்பதா என்று முடிவு செய்யும் முன், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை எடுக்கச் சொன்னார். லேப் கவுண்டரில் நம்பர் கேட்டார்கள். அத்தையிடம் போன் கிடையாது. நானே என் நம்பரைச் சொன்னேன், யோசிக்காமல். நாலாம் நாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. திறக்காமல் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் படிச்சுச் சொல்லட்டுமா அத்தை?”

“வேணாம்ப்பா. அந்த டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுக்கிறேன். நீ அதை மூடி வை.”